வீசா கிடைத்த பின்பும் கேட்கப்படும் கேள்விகள்: முதன்முறை வெளிநாடு செல்வோருக்கு

'வீசா குத்தியாயிற்று' என்ற செய்தி யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு வந்தால், அன்று பின்னேரமே மிளகாய்த்தூள் திரிக்கக் கொடுப்பதும், அரிசிமா வறுப்பதும், சூட்கேசைத் தராசில் வைத்து நிறை பார்ப்பதும் தொடங்கிவிடுகின்றன. பயணத்தின் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்ப்பதற்காக முதன்முறையாகத் தனியே விமானம் ஏறுகின்ற அறுபது, எழுபது வயதுத் தாய்மாருக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அவர்களிற் பலர் வீசா எடுக்குமிடத்தைச் சிரமமின்றித் தாண்டிவிட்டு, அதற்குப் பின்னால் வருகின்ற இடங்களில் இடறியதைக் கண்டதனாலேயே இதை எழுதுகிறேன்.

கடவுச்சீட்டு, வீசா, குடிவரவு, சுங்கம் ஆகிய நான்கையும் நாம் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். உண்மையில் அவை வெவ்வேறு அலுவலகங்கள், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு நேரங்களில் கேட்கின்ற கேள்விகள். 'இவர் யார், எந்த நாட்டவர்' என்பதற்கு உங்கள் அரசு எழுதித் தருகின்ற பதில் கடவுச்சீட்டு. 'எதற்காக வருகிறார், திரும்பிப் போவாரா' என்பதை நீங்கள் போகவிருக்கும் நாடு முன்கூட்டியே விசாரித்துத் தருகின்ற இசைவு வீசா. அந்த நாட்டின் வாசலில் ஓர் அதிகாரி உங்களை நேரிற் பார்த்து, உள்ளே விடுவதா, விட்டால் எத்தனை நாளுக்கு என்று எடுக்கின்ற முடிவு குடிவரவு. சுங்கமோ உங்கள் பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் கேட்கிறது. ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் மறிக்கப்படலாம். குறிப்பாக, வீசா என்பது வாசல்வரை வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதியே. கதவைத் திறப்பது குடிவரவு அதிகாரியின் கையில் இருக்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லா விதிகளும் எதற்காக இருக்கின்றன என்பது தானே தெளிவாகும்.

பெயரிலிருந்து தொடங்குவோம்

கடவுச்சீட்டில் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து அடிப்பகுதியைப் பாருங்கள். இரண்டு வரிகள், ஒவ்வொன்றிலும் 44 எழுத்து இடங்கள், இடையிடையே அம்புத்தலை போன்ற அடையாளங்கள். இயந்திரம் வாசிப்பது இந்த இரண்டு வரிகளையே. முதல் வரியில் எல்.கே.ஏ. என்ற இலங்கைக் குறியீட்டுக்கு அடுத்தாற்போல் குடும்பப் பெயரும், அதன்பின் மற்றப் பெயர்களும் வரும். இரண்டாவது வரியில் கடவுச்சீட்டு இலக்கமும், பிறந்த திகதியும், காலாவதித் திகதியும் இருக்கும்.

எங்களுடைய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தந்தையின் பெயரை முன்னும் சொந்தப் பெயரைப் பின்னும் எழுதுகின்ற எங்கள் வழக்கில் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. ஆனால் உலகத்துப் படிவங்கள் எல்லாவற்றிலும் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. தந்தை பெயர் கந்தையா, மகள் பெயர் சிவபாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, தேசிய அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறு மாதிரி, மணம் முடித்த பிறகு எடுத்த ஆவணங்களில் கணவரின் பெயரோடு இன்னொரு மாதிரி என்று அவர் மூன்று பேராகி நிற்பார். 'சிவ' என்ற இரண்டு எழுத்தை ஓர் அலுவலகம் வெறும் 'எஸ்' கொண்டு எழுதியிருக்கும். இன்னொன்று 'எஸ்' உடன் 'எச்' சேர்த்து எழுதியிருக்கும். ஊரில் இது எவருக்கும் ஒரு பொருட்டே அல்ல. தாயை அழைக்கின்ற மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு மாதிரியும், தாயின் கடவுச்சீட்டில் வேறொரு மாதிரியும் இருந்தால், இவர்கள் தாயும் மகனும்தானா என்று வீசா அதிகாரி சந்தேகிப்பது நியாயமே. ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்னரே ஆவணங்கள் அனைத்தையும் மேசையில் பரப்பி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, திருத்த முடிந்ததைத் திருத்தி, முடியாததற்குச் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தமிழிலுள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரே மொழிபெயர்க்க வேண்டும். அவரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, பெயரை அதிலுள்ள எழுத்துகளின்படியே எழுதச் சொல்லுங்கள். விமானச் சீட்டு எடுக்கும்போதும் இதே விதிதான். வீட்டில் கூப்பிடும் பெயரிலும், சுருக்கிய பெயரிலும் எடுத்த சீட்டுகள் புறப்படும் நாளில் பெருஞ்செலவு வைத்ததைக் கண்டிருக்கிறேன்.

காலாவதித் திகதியைப் பற்றியும் ஒரு சொல். கடவுச்சீட்டு செல்லுபடியாகும் கடைசி நாள்வரை பயணம் செய்யலாம் என்பது தவறான எண்ணம். இந்தியாவும் சிங்கப்பூரும் போய்ச்சேரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்கள் மீதம் இருக்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பாவில் ஒரே வீசாவின்கீழ் வருகின்ற ஷெங்கன் நாடுகள், அங்கிருந்து வெளியேறத் திட்டமிட்ட நாளுக்குப் பிறகு 3 மாதங்கள் மீதம் இருக்க வேண்டும், அத்துடன் கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்கின்றன. முன்பு ஒரு கடவுச்சீட்டுக்காக இரவு பேருந்தில் பத்தரமுல்லைக்கோ, அல்லது வவுனியாவுக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு வழங்கும் பிராந்திய அலுவலகம் இயங்குவதால், நாள் நெருங்கும்வரை புதுப்பிக்காமல் இருப்பதற்கு இப்போது காரணம் எதுவும் இல்லை.

வீசா சொல்வதும் சொல்லாததும்

வீசாத் தாளில் மூன்று வெவ்வேறு செய்திகள் உண்டு. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிக்குள் அதைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. உள்ளே போனால் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. எத்தனை தடவை உள்ளே போகலாம் என்பது மூன்றாவது. முதலாவதையும் இரண்டாவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதே நான் அதிகம் கண்ட தவறு. கனடா பார்வையாளர் வீசா 10 ஆண்டுகள்வரை செல்லுபடியாகும்படி வழங்கப்படுவதுண்டு. அதனைக் கண்டு 'அம்மாவுக்குப் பத்து வருசம் கிடைச்சிருக்கு' என்று மகிழ்கிறார்கள். அந்தப் பத்து ஆண்டுகள் கதவைத் தட்டுவதற்கான காலம். ஒரு தடவை உள்ளே போனால், அதிகாரி வேறு எதுவும் எழுதாவிட்டால், 6 மாதங்களே தங்கலாம். நீண்ட காலம் பிள்ளைகளோடு இருக்க விரும்பும் பெற்றோருக்கும் பேரன் பேத்திகளைக் கண்டவர்களுக்கும் கனடா தனியாகச் 'சுப்பர் வீசா' ஒன்றை வைத்திருக்கிறது. 2022 இலிருந்து அதில் ஒரு தடவைக்கு 5 ஆண்டுகள்வரை தங்கலாம். ஆனால் அழைக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் இருக்க வேண்டும். வருபவருக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர் பெறுமதியான மருத்துவக் காப்புறுதி இருக்க வேண்டும்.

ஷெங்கன் விதி இன்னும் கொஞ்சம் கணக்குக் கேட்கும். பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி மட்டுமன்றி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் உட்பட 29 நாடுகள் ஒரே வீசாவின்கீழ் வருகின்றன. அவற்றுக்குள் எங்கே தங்கினாலும் எல்லாம் சேர்த்து, எந்த 180 நாட்களை எடுத்துப் பார்த்தாலும் 90 நாட்களைத் தாண்டக்கூடாது. ஒரு தாய் ஏப்ரல் 1 ஆம் திகதி பாரிசில் இறங்கி, மே 30 ஆம் திகதி திரும்பிவிட்டார் என்று கொள்வோம். இறங்கிய நாளும் புறப்பட்ட நாளும் கணக்கில் சேரும் என்பதால் அவர் 60 நாட்களைச் செலவழித்துவிட்டார். பலதடவை செல்லும் வீசாவோடு ஓகஸ்ட் 1 ஆம் திகதி சூரிச்சில் உள்ள மற்ற மகளிடம் போகிறார். அங்கே நிற்கும் அதிகாரி பின்னோக்கி 180 நாட்களை எண்ணுவார். அது பெப்ரவரி 3 வரை போகும். அந்த 60 நாட்களும் அதற்குள் அடங்கும். ஆகவே அவரிடம் மீதம் இருப்பது 30 நாட்கள். ஓகஸ்ட் 30 ஆம் திகதிக்குள் வெளியேறியாக வேண்டும். நாடு வேறு, மகள் வேறு என்பது கணக்கை மாற்றாது. 2025 ஒக்டோபர் 12 இலிருந்து இந்த நாடுகள் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைவிரல் அடையாளத்தையும் முகத்தையும் பதிகின்ற முறைக்கு மாறத் தொடங்கியதால், ஒரு நாள் கூடினாலும் கணினி காட்டிக்கொடுக்கும். லண்டன் இந்தக் கூட்டத்துக்குள் இல்லை. அதற்குத் தனி வீசா வேண்டும்.

வீசா அதிகாரி விண்ணப்பத்தில் தேடுவது, இவர் திரும்பி வருவார் என்பதற்கான நம்பிக்கையையே. காணி உறுதி, ஓய்வூதியம், இங்கே இருக்கும் கணவர் அல்லது மற்றப் பிள்ளைகள், முன்பு போய்க் காலத்துக்குத் திரும்பிய பயணங்கள் என்பன அதற்குச் சான்றாகும். ஒரு கிழமைக்கு முன் கைமாற்றாக வாங்கி வங்கியிற் போட்ட பெருந்தொகை சான்று ஆகாது. ஆறு மாத வங்கிக் கூற்றைப் பார்க்கின்றவருக்கு அது முதற்பார்வையிலேயே தெரியும். பொய்யான கடிதம் வைத்தால் விளைவு நிராகரிப்போடு முடிவதில்லை. தவறான தகவல் கொடுத்தவருக்குக் கனடா 5 ஆண்டுகளும், பிரித்தானியா ஏமாற்று நிரூபிக்கப்பட்டால் 10 ஆண்டுகளும் கதவை மூடுகின்றன. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே. எனவே நிரப்பிய படிவத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அதற்கு மறுக்கின்ற ஒருவரிடம் உங்கள் கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டாம்.

இதனோடு சேர்ந்த, எவரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று இடைத்தங்கல் வீசா. விமானம் மாறுவதற்காக விமான நிலையத்துக்குள்ளேயே சில மணித்தியாலம் இருப்பதற்கும் ஷெங்கன் நாடுகள் வீசா கேட்கின்ற ஒரு பட்டியல் இருக்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் உள்ளது. செல்லுபடியாகும் கனடா, அமெரிக்கா, ஜப்பான் வீசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அதனால் கனடா வீசாவோடு பிராங்பேர்ட் வழியாக ரொறன்ரோ போகின்ற தாய்க்குச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த மூன்றில் எதுவும் இல்லாத எங்கள் அயலில் உள்ள ஓர் அக்கா, மலிவாகக் கிடைத்தது என்று ஐரோப்பாவில் மாறும் சீட்டு ஒன்றை எடுத்து, கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொதி போடுமிடத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். சீட்டு விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும் நாட்டின் விதியைப் போலவே, மாறும் நாட்டின் விதியையும் சீட்டு எடுக்கும் முன்னர் பார்த்தாக வேண்டும்.

விமான நிலையத்தின் வாசல்கள்

அந்த அக்காவைத் திருப்பி அனுப்பியது எந்த அரசும் அல்ல, விமான நிறுவனம். உரிய ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால், அந்த நிறுவனம் தண்டம் கட்டுவதோடு அவரைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். ஆகையால் பொதி போடுமிடத்தில் இருக்கும் ஊழியர் ஒவ்வொரு நாட்டின் விதிகளையும் தொகுத்து வைத்துள்ள டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார். அடுத்தது எமது நாட்டின் குடியகல்வு மேசை. வேலைக்குப் போகின்றவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். 'விசிற்றில போய் வேலைக்கு மாறலாம்' என்று சொல்லி இளைஞர்களையும் பெண்களையும் அனுப்புவோர் இந்தப் பதிவைத் தவிர்க்கவே அவ்வாறு சொல்கிறார்கள். அங்கே சம்பளம் மறுக்கப்பட்டால் அவர்களுக்காகப் பேச எந்தப் பதிவும் இருக்காது.

பிறகு, போய் இறங்கிய நாட்டின் குடிவரவு மேசை. கேள்விகள் நான்குதான்: எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், திரும்பும் சீட்டு இருக்கிறதா. பதில்கள் வீசா விண்ணப்பத்தில் எழுதியவற்றோடு பொருந்த வேண்டும். படிவத்தில் ஒரு மாதம் என்று எழுதிவிட்டு, மேசையில் 'பேரப்பிள்ளை பிறக்குமட்டும்' என்று சொன்னால் சந்தேகம் எழும். ஒரு தாளில் பிள்ளையின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், திரும்பும் திகதி ஆகியவற்றை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொடுங்கள். தொலைபேசியின் மின்கலம் இறங்கிப்போகலாம், தாள் இறங்காது. கேள்வி விளங்காவிட்டால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். விளங்காத கேள்விக்குத் தலையாட்டுவதே ஆபத்து. 'ஓம்' என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் அசைக்கும் அசைவு, அங்குள்ளவருக்கு 'இல்லை' என்று தெரியும். வாய்திறந்து சொல்லும்படி அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள்.

சூட்கேசுக்குள் இருப்பது

சுங்கத்தில் பச்சை வழி, சிவப்பு வழி என்று இரண்டு உண்டு. பச்சை வழியில் நடப்பது கூட்டத்தோடு வெளியே போவதைப் போன்ற ஒரு சாதாரணச் செயலாகத் தோன்றும். சட்டத்தின் பார்வையில் அந்த நடையே ஓர் அறிவிப்பு: 'அறிவிக்க வேண்டிய பொருள் எதுவும் என்னிடம் இல்லை' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். சந்தேகமான ஒரு பொருள் இருந்தால் சிவப்பு வழியில் போய்க் காட்டுங்கள். காட்டிய பொருளைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்த பொருளுக்குத் தண்டம் விழும். அவுஸ்திரேலியாவில் உணவுப் பொருள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும், மறைத்தவரின் வீசாவையே இரத்துச் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

எமது பொதிகளில் உணவே அதிகம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இறைச்சியும் பால் பொருட்களும் முற்றாகத் தடை. நெய்ப்போத்தலும் இதற்குள் அடங்கும். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை: மீன் வகைகள் ஒருவருக்கு 20 கிலோவரை அனுமதிக்கப்படுகின்றன. பழம், மரக்கறி, இலை வகைகளுக்கு 2019 டிசெம்பர் 14 முதல் தாவரநலச் சான்றிதழ் கட்டாயம். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், டூரியன், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் அது தேவையில்லை. ஆகவே ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் போகலாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும், முருங்கைக்காயும், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. மாம்பழத்துக்குள் இருக்கும் ஈயின் முட்டையும், கறிவேப்பிலையில் ஒட்டிய பூச்சியும் அங்குள்ள தோட்டங்களை அழித்துவிடும் என்பதே காரணம். கமம் செய்கின்ற எங்களுக்கு இந்த அச்சம் விளங்காததல்ல. கசகசாவைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும்: சமையற் பொருளாக நாம் கருதும் அதைச் சிங்கப்பூரும் ஐக்கிய அரபு இராச்சியமும் போதைப்பொருட் சட்டத்தின்கீழ் பார்க்கின்றன. மருந்துகளை அவற்றின் பெட்டியோடும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கைப்பையில் கொண்டுபோங்கள்.

காசு கொண்டுபோவது குற்றமல்ல, சொல்லாமல் கொண்டுபோவதே குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ, கனடாவில் 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ கையில் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். நகையைப் போட்டுக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவருகின்றவர், புறப்படும்போதே இங்குள்ள சுங்கத்தில் அறிவித்துச் சென்றால், திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது. வீட்டில் பாட்டன் காலத்து ஏட்டுச்சுவடி இருந்தால் அதை நினைவுப் பொருளாகச் சூட்கேசில் வைத்துவிடாதீர்கள். தொல்பொருட்களை உரிய அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது அடுத்தவர் தருகின்ற பொதிக்கே. 'இதை மட்டும் என்ரை பெறாமகளிட்டைக் குடுத்துவிடுங்கோ' என்று பயணத்துக்கு முதல் நாள் இரவு ஒட்டிய பொதியோடு வருவார்கள். மறுத்தால் உறவு கசக்கும் என்று வாங்கி வைப்போம். 'பொதியை நீங்களே அடுக்கினீர்களா' என்று விமான நிலையத்தில் கேட்பது இதற்காகவே. உள்ளே என்ன இருந்தாலும் சட்டத்தின்முன் அது உங்களுடையது. பொதியை அவர் முன்னிலையிலேயே பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்கள் கையால் திரும்ப அடுக்குங்கள். பிரிக்க விடாத பொதியைக் கொண்டுபோகவே கூடாது.

பக்கத்திலேயே இருக்கும் கடல் கடந்த பயணமும், ஊருக்கு வருவோரும்

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் தொடங்கியதும், இந்தியாவுக்குப் போவதை உள்ளூர்ப் பயணம் போல ஆக்கிவிட்டன. மணித்தியாலம் ஒன்றுக்குச் சற்றுக் கூடிய பறப்பானாலும், மேலே சொன்ன வாசல்கள் எல்லாம் அங்கும் உண்டு. இலங்கையர் இந்திய மின்வீசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், கப்பலில் போக நினைப்பவர் நாகபட்டினம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைப் பணம் கட்டும் முன்னரே பார்க்க வேண்டும்.

கடைசியாக, எதிர்த்திசையில் வருவோர். வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாவிட்டால், எமது சட்டப்படி இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார். கொக்குவிலில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், கனேடியக் கடவுச்சீட்டோடு வரும்போது அவர் வெளிநாட்டவரே. வீசா எடுத்தே வர வேண்டும். மனத்துக்கு இது கனமாக இருக்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அப்படியே. 2012 முதல் இதனை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். சுற்றுலா வீசா முதலில் 30 நாட்களுக்கே கிடைக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேற்றத்தன்று வந்திறங்குபவருக்குத் திருவிழா முடியும்போது மிஞ்சுவது ஐந்தே நாட்கள். அதற்குள் காணி அலுவலோ, வங்கி அலுவலோ யாழ்ப்பாணத்தில் முடிந்ததாக நான் கண்டதில்லை. அப்படி அலுவல் இருக்கிறவர்கள், முப்பதாவது நாள் வருமட்டும் காத்திருக்காமல், தேர் இழுக்கும் முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.